கோட்டுக்குக் கீழே வந்த மண்

மோன்தார்லி,
9 நவம்பர் 1958

அன்புள்ள தங்கை லெயோனிக்கு,

அண்ணன் அன்செல்ம் எழுதுவது. நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் குஸ்தாவும் சுகமாக இருப்பது என் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரிவதால் அதைக் கேட்டு மையை வீணாக்கவில்லை. எதிர்வீட்டுக்குத் தபாலில் கடிதம் போடும் ஒரே ஆள் நான்தான் என்று தபால்காரர் சிரிக்கிறார். வேறு என்ன செய்ய? ரொட்டிக் கடையில் என்னைக் கண்டதும் நீ பாதியில் வெளியேறுகிறாய். கோயிலில் தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்காருகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். திராட்சை அறுவடை முடிந்தது. இந்த வருஷ மழையில் நரிச்சரிவுத் தோட்டத்தின் மேல்பாதியிலிருந்து, அதாவது என் பங்கிலிருந்து, ஏகப்பட்ட மண் வழிந்து இறங்கி, உன் கடைசி வரிசைக்குக் கீழே சாலையோரப் பள்ளத்தில் குவிந்து கிடக்கிறது. புனித மார்ட்டின் திருநாள் கழிந்ததும் முதுகுக்கூடையோடு வந்து அள்ளி, மேலே கொண்டுபோய்க் கொட்டப் போகிறேன். அப்பா ஒவ்வொரு குளிர்காலமும் செய்த வேலைதான். மேலே சுண்ணாம்புப் பாறையின்மீது ஒரு முழம் நீலக் களிமண்தான் இருக்கிறது. அதுவும் போனால் வேர் வெயிலில் நிற்கும்.

கீழ்க் கதவின் சாவி உன்னிடம் இருக்கிறது. பூட்டைத் திறந்து வை. அந்தப் பள்ளத்தில் வாத்துகளை விட வேண்டாம் என்று குஸ்தாவிடம் சொல். மிதித்து மிதித்துக் கூழாக்கிவிடுகின்றன.

சொத்தைப் பிரித்த அன்று நோட்டரி ஆபீசில் நடந்ததை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? மேலே எலும்பு, கீழே சேறு என்றேன். அது மண்ணைப் பற்றிய பேச்சு. மண்ணே சும்மா இருக்கிறது, உனக்கு ஏன் கோபம்?

சாவியை எதிர்பார்க்கும்,
அண்ணன் அன்செல்ம்


மோன்தார்லி,
14 நவம்பர் 1958

அண்ணாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. வராததை எழுதி என்ன பயன்?

நீ சொன்னது உனக்கு மறந்திருக்கலாம். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு மறக்கவில்லை. அந்த நோட்டரி நல்ல மனுஷர். "நெடுக்கா ஒரு கோடு போட்டுக்கலாமே, ரெண்டு பேருக்கும் மேலயும் வரும், கீழயும் வரும்" என்றார். எல்லாக் குடும்பத்திலும் அப்படித்தான் சரிவைப் பிரிப்பார்கள். நீதான் கையை வீசி, "வேணாங்க, குறுக்கா போடுங்க. மேல எனக்கு. கீழ கெடக்குற சேத்த அவளே வச்சுக்கட்டும். ரயில்காரன் பொண்டாட்டி, முள்ளங்கி போட்டுப் பொழைக்கட்டும்" என்றாய். குமாஸ்தா பையன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அப்பாவுக்கு இடுப்பு போன பிறகு அந்தக் கீழ்ப்பாதியில் கொடி வெட்டியது யார்? கம்பி கட்டியது யார்? ஒவ்வொரு அறுவடையிலும் பிழியும் தொட்டியில் விழுந்த குலைகளில் பாதி என் முதுகில் வந்தவை. அப்பா ஒருநாளும் மேல் குலை, கீழ் குலை என்று பிரித்துப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித்தான் பிழிவார். நானும் அவருக்குப் பிறந்தவள்தான் அண்ணா. கூலிக்கு வந்தவள் இல்லை.

இப்போது உன் மண்ணுக்கு வருகிறேன். கோடு கோடுதான். நீ கேட்டு வாங்கிய கோடு. அதற்குக் கீழே வந்த மண் என்னுடையது. கதவு திறக்காது. பள்ளத்து மண்ணை நானே அள்ளி என் வரிசைகளில் பரப்பிக்கொள்வேன். சேற்றோடு சேறாகக் கிடக்கட்டும்.

குஸ்தாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வாத்துகள் நலம். பள்ளத்தில்தான் மேய்கின்றன.

லெயோனி


மோன்தார்லி,
2 மார்ச் 1959

அன்புள்ள லெயோனிக்கு,

சாவி வரவில்லை. பரவாயில்லை, உன் பள்ளத்தை நம்பி யாரும் பிறக்கவில்லை. ஊருக்குக் கிழக்கே இருக்கும் மர்மியே தன் பழைய திராட்சைத் தோட்டத்தை வேரோடு பிடுங்கிப் போட்டிருக்கிறார் அல்லவா? அவரிடம் போய்க் கேட்டேன். "எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்க, எனக்கு இடம் காலியானா போதும்" என்றார். நம்முடையதைப் போலவே நீலக் களிமண். கையில் உருட்டினால் அதே வழுவழுப்பு, அதே ஈயக் கலர். குளிர்காலம் முழுக்க மாட்டு வண்டியில் பாறைப் பாதை வரை கொண்டுவந்து, அங்கிருந்து முதுகில் சுமந்து, வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டேன். கூடையின் வார் பட்டுத் தோள் இரண்டும் தோல் உரிந்துவிட்டது. ஆனால் இப்போது மேலே போய்ப் பார்த்தால் மனசு குளிர்கிறது. வேருக்கெல்லாம் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கிறது.

பிடுங்கிய தோட்டத்து மண்ணை ஆறவிட வேண்டும், பத்து வருஷமாவது ஓட்ஸும் குதிரைமசால் தீவனமும் போட்டுத் தூங்கவிட வேண்டும் என்று கஃபேயில் உட்கார்ந்து சில பேர் எனக்கு உபதேசம் செய்கிறார்கள். அது எனக்குத் தெரியாதா? புதுக்கொடி நடுகிறவனுக்குத்தான் அந்தச் சட்டம். நான் என்ன நடுகிறேனா? நின்றுகொண்டிருக்கும் கொடிக்கு மண் அணைக்கிறேன்.

உன் கதவை நீயே பூட்டி வைத்துக்கொள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது கூடையோடு போய்விட்டது.

அன்செல்ம்


மோன்தார்லி,
5 ஏப்ரல் 1959

அண்ணாவுக்கு,

நீ வண்டி வண்டியாக மண் அடித்ததை ஊரே பார்த்தது. நானும் துணி காயப்போடும்போது பார்த்தேன். மர்மியே ஏன் பிடுங்கினார் என்று அவரைக் கேட்டாயா? அவர் கொடிகளில் இலை விசிறிபோல மடிந்து, கணு நெருங்கி, குலையில் பட்டாணி அளவுகூட மணி பிடிக்காமல் போனது. குட்டைக்கணு நோய். அது மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் என்று அப்பா நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லவில்லையா? நோய் வந்த தோட்டத்துக்குப் போய்வந்தால் செருப்பைக் கழுவச் சொல்வாரே.

ஆனால் எனக்கென்ன? மேலே நீ எதைக் கொட்டினாலும் அது கோட்டுக்கு மேலே. அது உன் பாடு. நேற்று சாப்பிடும்போது குஸ்தாவ், "மேல கொட்டுறது கீழ வராம வேற எங்கடி போவும்?" என்று ஆரம்பித்தார். "நீங்க உங்க சிக்னலைப் பாருங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். உனக்குப் புத்தி சொல்ல நான் யார்? ரயில்காரன் பொண்டாட்டி.

தோளில் பன்றிக் கொழுப்பைத் தடவு. சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

லெயோனி


மோன்தார்லி,
11 டிசம்பர் 1960

அன்புள்ள லெயோனிக்கு,

நேற்று கஃபேயில் உன் ஒயினை எனக்குத் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் யாருடையது என்று சொல்ல வேண்டுமாம், அதுதான் பந்தயம். வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. நன்றாகக் கொழுத்திருக்கிறது, ஆனால் எழுந்து நடக்கத்தான் முடியவில்லை. என்னுடையதைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். அது வெறும் எலும்பு. ஒரு வாய் குடித்தால் பல் கூசுகிறது, அவ்வளவுதான், தொண்டைக்குக் கீழே எதுவும் இல்லை.

போன வாரம் நிலவறையில் விளக்கைப் பிடித்துப் பீப்பாய்களைப் பார்த்தேன். பீப்பாயை நிரப்பாமல் காலியிடம் விட்டு வைத்தால் அதன்மேல் பாலில் படிவதுபோல ஓர் ஏடு பிடிக்க வேண்டும் அல்லவா? ஆறு வருஷம் அந்த ஏட்டுக்குக் கீழே தூங்கினால்தானே அது நம் ஊர் ஒயின்? என்னுடையதில் ஓரத்தில் மட்டும் கிழிந்த கந்தல்போல ஒட்டியிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. காடி வாசனை ஆரம்பித்துவிட்டது. ஏடு பிடிக்க அதற்குத் தீனி வேண்டும். அந்தத் தீனி கீழ்க் குலையிலிருந்து வந்திருக்கிறது. அப்பா பிரிக்காமல் பிழிந்தது சோம்பலால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று யோசித்தேன். வரும் அறுவடையில் உன் குலையும் என் குலையும் ஒரே தொட்டிக்குப் போனால் என்ன? என் நிலவறை பெரியது. பிழியும் பொறியும் அங்கேதான் இருக்கிறது. நீயும் வா, குஸ்தாவும் வரட்டும். பள்ளத்து மண்ணையும் அப்போது பேசிக்கொள்ளலாம். போத்தலில் பெயர் மட்டும் என் பெயராக இருக்கட்டும். மூத்தவன் நான், வாங்குகிறவர்களுக்கும் என்னைத்தான் தெரியும்.

யோசித்துச் சொல்.

அன்செல்ம்


மோன்தார்லி,
25 ஜனவரி 1961

அண்ணாவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் அடுப்படியிலேயே நின்று படித்தேன். 'தொட்டி' என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. குஸ்தாவைக் கூப்பிட்டு உரக்க வாசித்தேன். அவர், "போடி, இப்பவே போய்ச் சரின்னு சொல்லிட்டு வா" என்றார். அதற்குள் பெயர் விஷயம் வந்துவிட்டது. ஏன் அண்ணா உன் பேனா அங்கே நிற்கவில்லை?

ஆனாலும் மனசு ஆறாமல், புனித வின்சென்ட் திருநாள் ஊர்வலத்தில் உன்னோடு பேசலாம் என்றுதான் வந்தேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். நீயோ விருந்து மேசையில் எழுந்து நின்று, என் போத்தலைத் தூக்கிக் காட்டி, "என் தங்கச்சி ஒயின்ல சோளக்கஞ்சி கலந்திருக்கா, குடிக்கறதுக்கு ஸ்பூன் குடுங்கப்பா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உனக்குக் கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு நீண்டுவிடும், அது சின்ன வயதிலிருந்தே இருக்கிற வியாதி. ஆனால் எனக்கு இனிமேல் அதைத் தாங்க முடியாது.

என் பதில், வேண்டாம்.

பள்ளத்து மண்ணை இந்தக் குளிர்காலமும் நானே சுமந்து பரப்பினேன். இந்தத் தடவை மேற்குக் கோடியில் அக்ரூட் மரம் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். உன் ஏடு கந்தலாக இருப்பதாக எழுதினாய். என்னுடையது படுக்கைக் கம்பளிபோலத் தடித்து, எடை தாங்காமல் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பீப்பாயைத் திறந்தால் தேங்கிய தண்ணீர் வாசனை. இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

லெயோனி


மோன்தார்லி,
21 ஜூன் 1964

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் வம்புக்காக எழுதவில்லை. நிதானமாகப் படி.

இந்த வசந்தத்தில் என் நடு வரிசைகளில் இலை மஞ்சளாக வந்தது. சத்துக் குறைவு என்று நினைத்துச் சாணம் போட்டேன். போன வாரம் பூ எல்லாம் உதிர்ந்துவிட்டது. குச்சியை ஒடித்துப் பார்த்தால் இரண்டு கணு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலை விசிறிதான். மர்மியே தோட்டத்தில் வந்த அதே குட்டைக்கணு நோய். உன் பாதியை நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், பச்சை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. உனக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும்.

லோன் நகரத்திலிருந்து திராட்சை நோய் பார்க்கிற அதிகாரி ஒருவரைக் குஸ்தாவ் அழைத்து வந்தார். நரிச்சரிவை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்தார். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கிறதாம், வேருக்கு வேர் அது நோயைக் கொண்டுபோகிறதாம். "மேல நோய்க்கொடி நிக்கிற வரைக்கும் நீங்க கீழ என்ன செஞ்சாலும் வீண்மா. ஒவ்வொரு மழைக்கும் உங்களுக்குப் புதுசா வந்துக்கிட்டே இருக்கும்" என்றார். அக்ரூட் மரத்துப் பக்கம் இருக்கிற வரிசைகள் மட்டும் இன்னும் பச்சையாக நிற்கின்றன. மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுவதில்லை, அதனால் தப்பித்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

அண்ணா, உன் கொடிகளைப் பிடுங்கிவிடு. நீ அவற்றை எப்படி வளர்த்தாய் என்று எனக்குத் தெரியும். சும்மா கேட்கவில்லை. அக்ரூட் பக்கத்து வரிசைகளில் பாதியை உன் பெயருக்கு எழுதித் தருகிறேன். நாம் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறவரை அதை வைத்து ஒரு பீப்பாயாவது போடலாம். போத்தலில் உன் பெயர் வேண்டுமென்றால் உன் பெயரையே ஒட்டிக்கொள், நான் வாயைத் திறக்க மாட்டேன். கீழ்க் கதவை இன்று காலையே திறந்துவிட்டேன்.

உன் தங்கை,
லெயோனி


மோன்தார்லி,
3 ஜூலை 1964

லெயோனிக்கு,

கோடு கோடுதான் என்று எழுதியது நீதானே? எடுத்துப் படித்துப் பார்த்தேன், உன் கையெழுத்துதான். கோட்டுக்குக் கீழே வந்த மண் உன்னுடையது. அப்போது வேண்டும் என்றாய், இப்போது ஏன் வேண்டாம் என்கிறாய்? நல்ல மண் வந்தபோது கதவைப் பூட்டினாய். கெட்ட மண் வரும்போது திறக்கிறாய்.

கதவு அன்றைக்கே திறந்திருந்தால் நான் மர்மியேவிடம் போய் நின்றிருப்பேனா?

பிடுங்க மாட்டேன். பொறுக்க முடியாத கோபத்தில் இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பிடுங்கிவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது? உனக்குக் குஸ்தாவ் இருக்கிறார், வாத்து இருக்கிறது. எனக்கு ஏறிப் போக ஒரு சரிவு இருக்கிறது. நோயோ நொடியோ, அவை நின்றுகொண்டிருக்கின்றன. நானும் நிற்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே விழுகிறோம்.

அன்செல்ம்


மோன்தார்லி,
18 அக்டோபர் 1964

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரிக்குக்கூட என்னிடம் மறுப்பு இல்லை. கதவைப் பூட்டியது நான். மர்மியே மண் நோய் மண் என்று தெரிந்தும் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, பிறகு அதைக் கேலியாக எழுதியதும் நான்தான். தெருவைக் கடந்து வந்து உன் வண்டியை மறித்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் நடு வரிசைகளில் கிடைத்த குலை ஒரு கூடைகூட நிரம்பவில்லை. நேற்று பெய்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உன் பக்கத்திலிருந்து நீலத் தண்ணீர் வரிசைக்கு வரிசை குதித்து இறங்குகிறது. அக்ரூட் பக்கம் இந்தத் தடவையும் திரும்பவில்லை. அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்று யார் சொல்வது?

நான் வாழ்க்கையில் யாரையும் கெஞ்சியதில்லை, உனக்கே தெரியும். இப்போது கெஞ்சுகிறேன். அந்த வரிசைகளாவது இருக்கட்டும் அண்ணா. அப்பா வைத்தவற்றில் அவை மட்டும்தான் மிச்சம்.

லெயோனி


மோன்தார்லி,
29 டிசம்பர் 1964

அன்புள்ள லெயோனிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளானது. எழுதி எழுதி அடுப்பில் போட்டேன்.

புது வருஷம் பிறந்ததும் பிடுங்க ஆரம்பிக்கிறேன். யாரும் உதவிக்கு வர வேண்டாம். குஸ்தாவை அனுப்பாதே. சங்கிலியும் நெம்புகோலும் இருக்கின்றன, மர்மியே மாட்டைத் தருகிறேன் என்றார். வேர் பாறைக்குள் போயிருக்கும், அது எளிதில் வராது. வேரில் ஒரு துண்டு தங்கினாலும் புழு அதில் உட்கார்ந்துகொள்ளும் என்று உன் அதிகாரி சொன்னாராமே, அதனால் கடைசி நரம்பு வரை தோண்டி எடுப்பேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அக்ரூட் பக்கத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். அவை உன் கையில் வளர்ந்தவை.

கீழே இருந்தது சேறு இல்லை. அதை நோட்டரிக்கு முன்னால், அந்தக் குமாஸ்தாப் பையன் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

உன் அண்ணன்,
அன்செல்ம்


மோன்தார்லி,
24 ஜனவரி 1965

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். குஸ்தாவ் கேலி செய்கிறார், "காதல் கடிதம் வந்த பொண்ணு மாதிரி இருக்கியே" என்று.

காலையில் விளக்கேற்றியதும் ஜன்னலுக்கு வந்தால் நீ ஏற்கெனவே மேலே இருக்கிறாய். பனி விழுந்தாலும் இறங்குவதில்லை. சொன்னதைக் கேட்காமல் குஸ்தாவை அனுப்பினேன். "போய்யா, போய் உன் ரயிலப் பாரு, இது என் வேலை" என்று விரட்டிவிட்டாயாம். முகமெல்லாம் நீலம் பாரித்திருக்கிறது என்றார். அண்ணா, கொஞ்சம் நிறுத்து. மீதியை மார்ச்சில் ஆள் வைத்து எடுக்கலாம். இத்தனை வருஷம் நின்ற கொடி இன்னும் இரண்டு மாதம் நின்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாப்பிட வா. பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வேகவைக்கிறேன். வந்து பேசக்கூட வேண்டாம், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும்.

லெயோனி


மோன்தார்லி,
13 ஜூன் 1965

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் இதை உனக்கு வாசித்துக் காட்டுவார். அவருக்கு நம் ஊர்ப் பேச்சு பழக்கம் இல்லை, அதனால் ஒழுங்காக எழுதுகிறேன், நீ சிரிக்காதே.

போன முறை வந்தபோது உன் இடது கையில் பிடி இருந்தது. வலது கையும் வரும் என்று டாக்டர் சொல்கிறார். பேச்சும் மெதுவாகத் திரும்புமாம். உன் வாய்க்கு இந்த ஓய்வு கொஞ்சம் தேவைதான். திரும்பி வந்ததும் முதலில் யாரைக் கேலி செய்வாய் என்று எனக்குத் தெரியும், அதற்கும் தயாராக இருக்கிறேன்.

உன் வீட்டில் தினமும் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். பீப்பாய்களை யாரும் தொடவில்லை. மேலே நீ விழுந்த அன்று பாதியில் விட்ட கடைசி வரிசையைக் குஸ்தாவும் மர்மியேவும் முடித்துவிட்டார்கள். நீ தோண்டிய இடங்களையும் பார்த்தார்கள். ஒரு வேர்கூட மிச்சமில்லை. மர்மியே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். இப்போது அங்கே ஓட்ஸ் விதைத்திருக்கிறோம், முளைத்துவிட்டது.

நீ கேட்க நினைப்பதைச் சொல்கிறேன். அக்ரூட் பக்கத்து வரிசைகள் நன்றாக இருக்கின்றன. பூ நின்று மணி பிடித்திருக்கிறது. இலை கையகலம் இருக்கிறது. அந்த அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் சரியான நேரத்துல பிடுங்கினாரு, அதான் இது தப்பிச்சிச்சு" என்றார். நீ பட்ட பாடு வீண் போகவில்லை. செப்டம்பரில் உன்னைத் தள்ளுவண்டியில் வைத்தாவது கொண்டுவந்து, தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன்.

நிம்மதியாகத் தூங்கு அண்ணா.

உன் அன்புத் தங்கை,
லெயோனி


மோன்தார்லி,
13 ஜூன் 1965

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

இத்துடன் இருக்கும் கடிதத்தை மட்டும் என் அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்தத் தாளை அவர் கண்ணில் காட்ட வேண்டாம். தாளைக் கொடுத்தால் அவரால் இன்னும் படிக்க முடிகிறது என்று நினைக்கிறேன்.

அக்ரூட் மரத்துப் பக்கத்துக் கொடிகளிலும் அந்த நோய் இருக்கிறது. மே மாதக் கடைசியில் தெரிந்தது. மழைத் தண்ணீர் அங்கே போனதே இல்லை. மேலிருந்து இறங்கிப் பள்ளத்தில் குவிந்த நோய் மண்ணை வருஷா வருஷம் நான்தான் என் முதுகில் சுமந்து அங்கே கொண்டுபோய்ப் பரப்பியிருக்கிறேன். அவர் பிடுங்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவை செத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. போன வாரம் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிட்டோம். நரிச்சரிவில் இப்போது ஒரு கொடியும் இல்லை.

அவர் இடது கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினால் அந்தக் கொடிகளைத்தான் கேட்கிறார் என்று அர்த்தம். பொய் சொல்வது உங்களுக்குப் பாவம் என்று தெரியும். அந்தப் பாவத்தை என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
லெயோனி